சங்கிலியும் துணிக்கட்டும்: பினல் ஓவியம் பற்றிய ஒரு நோக்கு

பிரெஞ்சு ஓவியர் தொனி றொபேர்-பிளெரி 1876இல் தீட்டிய ஓவியமொன்று, பரிஸ் நகரின் சல்பெற்றியர் வைத்தியசாலையில் மனநோயாளரான பெண்களின் சங்கிலிகளை வைத்தியர் பிலிப் பினல் அகற்றுவிக்கும் காட்சியைச் சித்திரிக்கின்றது. நடுவே இளம்பெண்ணொருத்தி வெறித்த பார்வையுடன் நிற்கிறாள். பணியாளன் ஒருவன் அவளது விலங்கைக் கழற்றுகிறான். இன்னொருத்தி பினலின் கையை முத்தமிடுகிறாள். மனிதாபிமானத்தின் வெற்றிச் சின்னமாகவே இவ்வோவியம் போற்றப்பட்டு வந்துள்ளது.

எனினும், வரலாறு இத்துணை எளிமையானதன்று. பிசேற்றர் வைத்தியசாலையில் 1797இல் சங்கிலிகளை அகற்றியவர் அங்கு மேற்பார்வையாளராயிருந்த பூசன் என்பவராவர். வைத்தியப் பட்டம் பெறாத அவர், முன்னர் அங்கேயே நோயாளியாக இருந்தவர். அவருக்குரிய சிறப்பைப் பினலும் மறைத்தாரல்லர், மறைத்தது ஓவியமே. சங்கிலி நீங்கிய இடத்திற் கைகளைப் பிணிக்கும் துணிச்சட்டை வந்தமையையும் அது காட்டவில்லை. ஆயின், பூசன் பணியாளர் அடிப்பதைத் தடைசெய்தார்; குணமடைந்தோரையே பணிக்கு அமர்த்தினார். இரும்பைத் தளர்த்த இயன்றமைக்கு, அருகே தக்க மனிதர் இருந்தமை முக்கிய காரணம் எனலாம்.

இவ்வுண்மை இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் பொருந்துவதாகும். செயற்கைச் சுவாசம் பெறும் நோயாளி, சித்தம் தடுமாறித் தொண்டைக் குழாயைப் பிடுங்கினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே மணிக்கட்டுகள் கட்டிலுடன் துணிப்பட்டியாற் பிணைக்கப்படுகின்றன. இவ்வாறு கட்டும் தாதியைக் கொடியவராகக் கருதுதல் நியாயமன்று. ஆயினும், கட்டப்பட்டிருந்த நோயாளரே குழாயைப் பிடுங்கிய நிகழ்ச்சிகள் ஆய்வுகளிற் பதிவாகியுள்ளன. கட்டே கலக்கத்தைப் பெருக்குதலும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவிற் பரவலாயுள்ள இவ்வழக்கம் பிரித்தானியாவில் அரிது. அங்கு செயற்கைச் சுவாசம் பெறும் ஒரு நோயாளிக்கு ஒரு தாதி என்பதே நெறி. மருந்தால் மயக்கி வைத்தலும் ஒருவகைக் கட்டே என்பார் கூற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. எவ்வாறாயினும், ஒரே நோய்நிலை ஓரிடத்திற் கட்டையும் பிறிதோரிடத்திற் காவலையும் வேண்டுமாயின், கட்டுக்குக் காரணம் நோய் மட்டுமன்று என்பது தெளிவு. ஆட்குறையின் சுமையை, வாய்பேச இயலாத நோயாளியின் மணிக்கட்டு ஏற்கின்றது. அறக்கேள்வி தாதியிடம் மட்டுமன்றி, ஆளணியைத் தீர்மானிப்போரிடமும் எழுப்பப்படல் வேண்டும்.

றொபேர்-பிளெரியின் ஓவியத்திலுள்ள அடிப்படைக் குறையும் இதுவே. விலங்கை அவிழ்க்க ஆணையிட்டவர் யார் என்பதை அது காட்டுகின்றது. அவிழ்த்த பின்னர் அப்பெண்ணின் அருகே இருக்கப்போவது யார் என்பதை அது வினவவில்லை.