நல்லாயன் பேராலயத்தின் கோபுரம்

சிங்கப்பூர் நல்லாயன் பேராலயத்தைப் போற்றுவோர் பெரும்பாலும் அதன் கோபுரத்தையே போற்றுகின்றனர். கட்டடக் கலை நோக்கில் ஆராயின், அக்கோபுரமே அங்கு ஐயத்துக்கு இடமானது.

பிரெஞ்சுக் குருவான பெரேல் அடிகளாரின் முயற்சியால் 1843ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் இவ்வாலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பிரான்சு நாட்டு அரசி மரி அமெலியும் மணிலாப் பேராயரும் பொருளுதவி செய்தனர். அரசாங்க நில அளவையாளரான ஜான் டர்ன்புல் தாம்சன் ஒரு வரைபடம் அளித்தார். செலவு மிகுதி, பராமரிப்பதும் கடினம் என்று அது விலக்கப்பட்டது. டெனிஸ் மக்ஸ்வீனியின் எளிய வரைபடமே ஏற்கப்பட்டது.

அவர் கட்டடக் கலைஞர் கோல்மனிடம் பணியாற்றியவர். அந்தப் பயிற்சி கட்டடத்தில் தெரிகிறது. சிலுவை வடிவான தளம். தடித்த, அலங்காரமற்ற தூண்கள் தாங்கும் முகப்பு மண்டபங்கள். காற்றும் ஒளியும் தாராளமாகப் புகும் உயரமான வாயில்கள். வெப்ப நாட்டில் ஆயிரம் பேர் கூடித் தொழ வேண்டும் என்பதை அறிந்தவர் கட்டிய கட்டடம் இது. இதில் மிகையென ஒன்றுமில்லை.

1847ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் ஆலயம் திறக்கப்பட்டது. சார்லஸ் டைஸ் அமைத்த கோபுரமும் அவ்வாண்டே எழுந்தது. அவர் அதற்கு எதனை மாதிரியாகக் கொண்டார்? ஆங்கிலிக்கச் சபையினரின் பழைய புனித அந்திரேயா ஆலயத்தில் தாம்சன் எழுப்பிய கோபுரத்தையே! கோல்மன் கட்டிய அவ்வாலயம் நகர மண்டபம் போலிருக்கிறது என்று மக்கள் குறை கூறியதால், பின்னர்ச் சேர்க்கப்பட்ட கோபுரம் அது. வாயிலில் விலக்கப்பட்ட தாம்சன் இவ்வாறு கூரை வழியே உள்ளே வந்துவிட்டார்.

அகன்று அமைதியாக நிற்கும் தூண்களுக்கும் திடீரென மேலெழும் கூர்முனைக்கும் பொருத்தம் குறைவுதான். ஆயினும் அதனை இரவல் என்று ஒதுக்கிவிட இயலாது. அந்திரேயா ஆலயம் இருமுறை இடியால் தாக்குண்டு, 1855இல் இடிக்கப்பட்டது. கோல்மன் மரபில் அமைந்த உடலும் தாம்சன் வகுத்த தலையுமாக அது நின்ற தோற்றத்தை, இன்று ஓரளவேனும் நல்லாயன் பேராலயத்தில்தான் காணலாம்.

தமிழ்க் கத்தோலிக்கரும் தொடக்கத்தில் இங்கேதான் தொழுதனர். 1888இல் அவர்களுக்கென ஓஃபிர் சாலையில் லூர்து மாதா ஆலயம் எழுந்தது. அது கோதிக் பாணியில் அமைந்தது. அவ்வாண்டே நல்லாயன் ஆலயமும் பேராலயமாகி, சற்று நீட்டிக் கட்டப்பட்டது. நீட்டியவர்கள் மக்ஸ்வீனியின் தூண் வரிசையை மாற்றாமல் தொடர்ந்தனர். கோபுரம் கட்டியோரிடம் காணாத அடக்கம் அது.