கண்கூசாத முகப்பு விளக்கு: திட்டம் ஏன் தோற்றது?

இரவில் எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு கண்ணில் பட்டதும் சில நொடிகளுக்குச் சாலையே மறைந்துவிடுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். தளவிளைவு ஒளியைக் கொண்டு இத்தொல்லையை நீக்க அமெரிக்க அறிஞர் எட்வின் லாண்ட் திட்டம் வகுத்தார். ஆயினும் அது சாலைக்கு வரவேயில்லை. கார் உற்பத்தியாளர்களின் பிடிவாதமே காரணம் என்பர் சிலர். அது மட்டும்தானா? ஆராய்வோம்.

ஒளி ஒரு குறுக்கலை. சாதாரண ஒளியின் அதிர்வுகள், அது செல்லும் திசைக்குச் செங்குத்தாக எல்லாப் பக்கங்களிலும் நிகழ்கின்றன. சில படிகங்கள் ஒரு தளத்து அதிர்வை மட்டும் விட்டு, மற்றதை உறிஞ்சிவிடும். கொயினாவும் அயோடினும் சேர்ந்து உண்டாகும் அத்தகைய படிகத்தை 1852-இல் ஹெராபாத் விவரித்தார். ஆனால் அது மிகச் சிறியது, எளிதில் நொறுங்குவது. 1926-இல் ஹார்வர்டில் மாணவராயிருந்த லாண்ட், முகப்பு விளக்கின் கூச்சத்தைப் போக்கும் எண்ணத்துடன் ஆய்வில் இறங்கினார். நுண்படிகங்களை ஒரே திசையில் அடுக்கி ஒரு மெல்லிய தகட்டில் பதித்தார். 1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

திட்டத்தை ஒரு பென்சிலைக் கொண்டே நீங்கள் விளங்கிக்கொள்ளலாம். பென்சிலை உங்கள் வலப்பக்கமாக 45 பாகை சாய்த்துப் பிடியுங்கள். எதிரே நிற்கும் நண்பரும் தம் வலப்பக்கமாக அவ்வாறே சாய்க்கட்டும். இரு பென்சில்களும் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டு நிற்கும். எல்லா வண்டிகளின் விளக்கிலும், ஓட்டுநரின் கண்முன்னும் இப்படி ஒரே சாய்வில் தகடு இருந்தால், எதிர்வண்டியின் ஒளி தடைபடும். தம் வண்டியின் ஒளி சாலையில் பட்டுத் திரும்புகையில் தெரியும். எவ்வளவு அழகான கருத்து!

குறை எங்கே? முதலாவது, ஒளி இழப்பு. விளக்கின் மேலுள்ள தகடு ஒளியில் பாதிக்கு மேல் உறிஞ்சிவிடுகிறது. சொரசொரப்பான பொருள்களில் பட்டுச் சிதறும் ஒளி பெருமளவு தளவிளைவை இழப்பதால், கண்முன் உள்ள தகடும் ஒரு பங்கைத் தடுக்கிறது. இதை ஈடுசெய்ய விளக்கின் வலிமையைப் பன்மடங்கு கூட்ட வேண்டும்.

இரண்டாவது, சாய்வு. தகடுகள் சரியாகக் குறுக்கிட்டால்தான் தடுப்பு முழுமையாகும். வளைவில் சாய்ந்து வரும் இருசக்கர வண்டி 15 பாகை சாய்ந்தால், மாலசின் விதிப்படி தளவிளைவு ஒளியில் ஏறக்குறைய 7 விழுக்காடு உள்ளே வந்துவிடும். பலமடங்கு வலிமையான விளக்கில் அது சிறிய அளவன்று.

மூன்றாவது குறையே பெரிது. தகடு பூண்ட வண்டியை முதலில் வாங்குபவருக்கு என்ன பயன்? எதிரே வருவோரிடம் தகடு இல்லாததால் அவருக்குக் கூச்சமும் முழுதாக நீங்காது. சாலையும் மங்கலாகத் தெரியும். எல்லோரும் வாங்கிய பிறகே பயன் கிட்டும் பொருளை முதலில் வாங்குபவர் யார்? உற்பத்தியாளர்கள் தயங்கியதில் இதற்கும் பங்குண்டு.

எல்லோரும் வாங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். நடந்து செல்பவரின் கண்முன் தகடு ஏது? மிதிவண்டியில் செல்பவருக்கு? வலிமை கூட்டிய ஒளியெல்லாம் அவர்கள் கண்ணைத் தாக்கும். வண்டி ஓட்டுபவரின் கண்ணைக் காத்து, ஓரமாகச் செல்பவரைக் கணக்கில் கொள்ளாத திட்டம் இது என்பதே நம் முதன்மையான மறுப்பு.

லாண்டின் உழைப்பு வீண் என்று சொல்லவில்லை. அதிலிருந்து வளர்ந்த தளவிளைவுத் தகடு கணிப்பானிலும் திரவப் படிகத் திரையிலும் பயன்படுகிறது. இன்றைய சில கார்களில், எதிர்வண்டியைக் கேமரா கண்டறிந்ததும் அப்பகுதிக்குச் செல்லும் ஒளியை மட்டும் விளக்கு குறைத்துவிடுகிறது. அமெரிக்கா இதனை 2022-இல் அனுமதித்தது. ஒரே ஒரு வண்டியில் இருந்தாலும் இது பயன் தரும். ஆனால் இங்கும் நடப்பவரைக் கேமரா கவனிக்கிறதா என்று கேளுங்கள். சாலைக்கான எந்தப் புதுமையையும் அந்தக் கேள்வியால்தான் எடைபோட வேண்டும்.