பேய்க் கதைகளும் பரீட்சகர்களும்

இறந்தவர் திரும்பி வந்ததாகவும், ஆளில்லாத அறையில் காலடிச் சத்தம் கேட்டதாகவும், நள்ளிரவில் ஏரிக்கரையில் கொள்ளிவாய்ப் பிசாசு உலாவியதாகவும் சொல்லப்படும் கதைகள் எந்தத் தேசத்திலும் எந்தக் காலத்திலும் இல்லாமற் போனதில்லை. ஆயினும் அவற்றைப் பயந்து நம்புவதும் பரிகசித்துத் தள்ளுவதுமாகிய இரண்டு வழக்கங்களையும் விட்டு, கோர்ட்டில் சாட்சியை விசாரிப்பதுபோல நிதானமாக விசாரித்துப் பார்க்கும் முயற்சி ஒரு துறையாக உருவானது சென்ற நூற்றைம்பது வருஷங்களுக்குள்ளேதான். அம்முயற்சியில் இறங்கியவர்கள் இரு வகுப்பினர். சொல்லப்பட்ட சங்கதி நடந்ததா என்று கேட்டவர்கள் ஒரு வகுப்பு. நடந்ததோ இல்லையோ, ஜனங்கள் அதை ஏன் விடாமல் சொல்லி வருகிறார்கள் என்று கேட்டவர்கள் மற்றொரு வகுப்பு. இவ்விரு கேள்விகளும் ஒன்றையொன்று நாடாமல் தனித்தனியே நடைபோட்டதுதான் இத்துறைக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

முதல் வகுப்பாருக்கு ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது 1882-இல். அமானுஷ்ய விஷயங்களை ஆராய்வதற்கென்றே லண்டனில் தோன்றிய அச்சங்கத்துக்குக் கேம்பிரிட்ஜ் தத்துவ அறிஞர் ஹென்றி சிட்ஜ்விக் முதல் தலைவரானார். நல்ல விழிப்பு நிலையில், புறக்காரணம் ஏதுமின்றி, ஓர் உருவத்தைக் கண்டதாகவோ, ஒரு குரலைக் கேட்டதாகவோ, எதனாலோ தீண்டப்பட்டதாகவோ உங்களுக்கு எப்போதாவது தோன்றியதுண்டா என்று 17,000 பேரிடம் கேட்டு, 1894-இல் அச்சங்கம் வெளியிட்ட அறிக்கையில், ஏறத்தாழ பத்தில் ஒருவர் உண்டு என்று பதில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் கண்டது ஆவிதானா என்ற விவாதம் ஓயவில்லை. ஆனால் பேயைப் பார்த்தேன் என்று சொல்பவன் பொய்யனாகவோ பித்தனாகவோதான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றோடு ஆட்டங்கண்டது.

இச்சங்கத்தின் விசாரணைகளில் பெரும் பரபரப்பை உண்டாக்கிய ஒன்று நடந்தது நம் சென்னை அடையாற்றில். பிரம்மஞான சபையின் ஸ்தாபகர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் படுக்கையறையை அடுத்த அறையில், சுவரோடு சேர்த்துத் தொங்கவிடப்பட்ட ஒரு மர அலமாரியில், அவருடைய குருமார் எனப்பட்ட திபேத்திய மகாத்மாக்களின் கடிதங்கள் தாமே தோன்றுவதாகச் சொல்லப்பட்டது. 1883 ஆகஸ்டில், அம்மையார் உதகமண்டலத்தில் இருந்த சமயம், ஜெனரல் மார்கன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி அவ்வலமாரியைப் பார்க்க வந்தார். சபையின் வீட்டு நிர்வாகத்தைக் கவனித்துவந்த கூலோம் என்ற பெண்மணி கதவைத் திறக்கவும், உள்ளே சாய்த்து வைத்திருந்த பீங்கான் தட்டு ஒன்று தரையில் விழுந்து நொறுங்கியது. சில்லுகளைத் துணியில் கட்டி அலமாரிக்குள் வைத்துச் சற்று நேரம் கழித்துத் திறந்து பார்த்தபோது, தட்டு ஒரு கீறலுமின்றி முழுசாக இருந்தது. பக்கத்தில் ஒரு கடிதமும் இருந்தது.

மறு வருஷமே கூலோம் தம்பதிகள் சபையிலிருந்து விலக்கப்பட்டு, எல்லாம் ஏமாற்று வித்தை என்று குற்றஞ்சாட்டி, அம்மையாரின் கடிதங்கள் எனச் சிலவற்றைச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் வெளிவரச் செய்தார்கள். இதை நேரில் ஆராய லண்டன் சங்கம் அனுப்பிய ரிச்சர்டு ஹாட்ஜ்சன் 1884 டிசம்பரில் சென்னை வந்து சேர்ந்தார். அவர் மகாத்மாக்களைத் தேடிப் போகவில்லை. கடைக் கணக்கைத் தேடிப் போனார். சென்னைக் கடை ஒன்றில், அந்த அற்புதத்துக்குச் சில வாரங்கள் முன்பாக, ஒரே மாதிரியான இரண்டு தட்டுகள் கூலோம் அம்மையாருக்கு விற்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். உடைந்தது ஒன்று, முழுசாக வெளிவந்தது மற்றொன்று என்பது அவர் முடிவு. பிளாவட்ஸ்கி அம்மையார் கைதேர்ந்த மோசக்காரர் என்று தீர்ப்புக் கூறும் அவருடைய அறிக்கை 1885-இல் வெளியாயிற்று.

ஆனால் விசாரணையின் கதை அங்கே முடியவில்லை. ஹாட்ஜ்சன் வருவதற்கு முன்பே அலமாரி கொளுத்தப்பட்டுவிட்டது. பிரதான சாட்சியப் பொருளை அவர் கண்ணால் காணவே இல்லை. அதே சங்கத்தின் அங்கத்தினரும் கையெழுத்துப் பரிசோதனையில் நிபுணருமான வெர்னான் ஹாரிசன், அந்த அறிக்கை ஒருதலைப்பட்சமானது என்று நூறு வருஷங்களுக்குப் பிறகு, 1986-இல், அச்சங்கத்தின் சஞ்சிகையிலேயே எழுதினார். அற்புதத்தைப் பரிசோதித்தவனையும் பின்வந்தவர் பரிசோதிக்க இடங்கொடுப்பதுதான் இத்துறைக்குக் கௌரவம்.

இதே மரபில், ஆனால் இன்னும் கறாரான குரலில் பேசியவர் ஆபிரகாம் கோவூர். 1898-இல் திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாவர சாஸ்திரம் போதித்த இவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, பேய் வீடுகளையும் ஆவேசங்களையும் நேரில் சென்று ஆராய்வதையே தம் தொழிலாக்கிக்கொண்டார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ஒரு ரூபாய் நோட்டின் எண்ணை ஞானதிருஷ்டியால் வாசிப்பது முதலான காரியங்களில் ஒன்றை, மோசடிக்கு இடமில்லாத நிபந்தனையின்கீழ்ச் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் தருவதாக 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் காலமாகும்வரை அத்தொகையை வென்றவர் எவருமில்லை. கல் விழும் வீடுகளில் கல்லெறிபவர் பெரும்பாலும் அவ்வீட்டாரில் ஒருவரே என்றும், அதற்குப் பின்னால் வெளியே சொல்ல முடியாத ஒரு மனக்கஷ்டம் இருக்கும் என்றும் அவர் கண்டார். அவர் அறியாமலே இரண்டாவது கேள்வியின் வாசற்படியில் கால் வைத்தார் என்று சொல்லலாம்.

அக்கேள்விக்குத் திருநெல்வேலிச் சீமையைப்போல விடை வைத்திருக்கும் பிரதேசம் வேறொன்றை எடுத்துக்காட்டுவது சிரமம். 1809-இல் திருவிதாங்கூர் அரண்களைத் தாக்கியபோது காயம்பட்டு மாண்ட ஓர் ஆங்கிலேய அதிகாரியைப் புதைத்த தேரிக்காட்டில், அவ்வூரார் அவருக்குச் சாராயமும் சுருட்டும் படைத்து வழிபட்டதைக் கால்டுவெல் பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு அது மூடபக்தியின் உச்சம்; நமக்கோ, அகால மரணமடைந்தவனுடைய குறையைத் தீர்க்காமல் விடலாகாது என்ற ஒரு தர்மத்தின் பிரயோகம், அந்நியனுக்கும் விதிவிலக்கின்றி. பாபநாசம் மலைமேல் சொரிமுத்து ஐயனார் கோவிலில் பட்டவராயனுக்கு இன்றும் தோல் செருப்புகள் காணிக்கையாகின்றன. பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் குலத்துச் சகோதரியர் இருவரை மணந்து, செருப்புத் தைத்து, மாடு கவர வந்த கள்வரோடு பொருது மாண்ட முத்துப்பட்டன்தான் அத்தெய்வம். அவன் கதைப்பாடலைப் பதிப்பித்த நா. வானமாமலை, அப்பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், அவர்களுடைய தந்தை எனப்பட்ட வாலப்பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்று சொல்லும் பகுதி, ஜாதிக் கலப்பைப் பொறாதவர்கள் பின்னால் நுழைத்தது என்று பிரதிகளை ஒப்பிட்டுக் காட்டினார். ஹாட்ஜ்சன் கடைக் கணக்கில் செய்த குறுக்கு விசாரணையை வானமாமலை பாட்டுப் பிரதியில் செய்தார். சாட்சியத்தில் கைவைத்தவர் யார் என்பதே இருவர் கேள்வியும்.

இரண்டு கேள்விகளையும் ஒருசேரக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு டேவிட் ஹஃபோர்டு 1982-இல் வெளியிட்ட நூல் உதாரணம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், இரவில் ஒரு கிழவி மார்பின்மேல் ஏறி அமுக்குகிறாள் என்ற வழக்கை அவர் ஆராய்ந்தார். நம்மவர் அமுக்குப் பேய் என்பது இதையே. கனவு நிலையில் தசைகள் செயலற்றுக் கிடப்பது இயற்கை. அந்நிலை நீங்குமுன் மனம் விழித்துக்கொண்டால் உடல் அசையாது, மூச்சு முட்டும், பயங்கரத் தோற்றங்கள் தெரியும். அக்கதையைக் கேள்விப்படாதவர்களும் அதே அனுபவத்தை விவரித்ததைக் கண்ட ஹஃபோர்டு, கதை அனுபவத்தைப் பிறப்பிக்கவில்லை, அனுபவமே கதையைப் பிறப்பித்தது என்று காட்டினார். பேய் இல்லை, ஆனால் பாட்டி சொன்னதும் பொய்யில்லை.

ஆகையால், கிராமங்களில் இக்கதைகளைச் சேகரிக்கப் புறப்படும் வாலிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்பிக்கையையும் அவநம்பிக்கையையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, சொன்னவர் யார், யாரிடம் கேட்டார், எந்த ஊர், எந்த வருஷம், அடுத்த தெருக்காரர் அதை எப்படி மாற்றிச் சொல்கிறார் என்பவற்றை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவ்விவரங்கள் இல்லாத பேய்க் கதை விஞ்ஞானிக்கும் உதவாது, சரித்திரக்காரனுக்கும் உதவாது.