செட்டு: 430 அர்த்தமும் ஒரு அர்த்தமும்

ஆங்கிலத்தில் அதிக அர்த்தம் உள்ள சொல் எது என்று வினாடி வினாவில் கேட்பார்கள். 'செட்' என்று சொன்னால் மார்க் போட்டுவிடுவார்கள். 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, வினைச்சொல்லாக இதற்கு 430 பொருள்கள் தருகிறது. விளக்கம் மட்டும் சுமார் 60,000 சொற்கள். பிறகு 'ரன்' என்ற வினைச்சொல்லைத் திருத்தியபோது அது 645 பொருள்களோடு முந்திவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியருக்கு அந்த ஒரு சொல்லே ஒன்பது மாத வேலையாம்.

இந்த எண்ணிக்கைகள் மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அது அகராதியைப் புரட்டும்போது வந்தது இல்லை. ராஜபாளையத்தில், ஒரு கிணற்று மேட்டில் வந்தது.

சில வருஷம் முன்னால் விவசாயிகளுக்கான ஒரு செயலிக்குத் தமிழ்ப்படுத்தும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. நான் ஒரு அட்டவணை போட்டேன். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ்ச் சொல். ஒன்றுக்கு ஒன்று, மென்பொருள்காரனுக்கு அதுதான் பிடிக்கும். 'செட்' என்பதற்கு நேரே 'தொகுதி' என்று எழுதியவன் நானேதான். அதனால் பம்ப்செட், 'நீரேற்றுத் தொகுதி' ஆயிற்று. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் போனைக் கொடுத்தேன். அவருக்கு மலையடிவாரத்தில் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் மா. ராத்திரி மூணு மணிக்குக் கரண்ட் வந்தாலும் டார்ச்சோடு போய் மோட்டார் போட்டு வளர்த்த தோப்பு. திரையை மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்தார்.

"தொகுதின்னு போட்டிருக்கே, எலெக்‌ஷன் சமாச்சாரமாப்பா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. போனைத் திருப்பித் தந்து, "படிச்சவங்களுக்கு உள்ளது போல. நமக்கு எதுக்கு" என்றார். தினமும் டீக்கடையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற மனுஷன் அவர். அவருக்காகச் செய்ததை அவரே தனக்கில்லை என்று தள்ளியது இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்தப் பயணத்தில் காதில் விழுந்த 'செட்'டையெல்லாம் குறித்துக்கொண்டேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அதற்குள்ளேயே பட்டியல் நீண்டுவிட்டது. ஹோட்டலில் 'ஒரு செட் பரோட்டா' என்றால் ரெண்டு. கோயில் கொடைக்கு நையாண்டி மேளம் ஒரு செட். ஆடிப்பூரத் தேர் வந்தால் தெருவெல்லாம் மைக் செட். கல்யாணத்துக்கு நெக்லஸும் கம்மலும் சேர்ந்த செட். 'அவன் எங்க செட்டு' என்றால் கூடப் படித்தவன். 'அந்தப் பயலுகளோட செட்டு சேராதே' என்றால் கூட்டாளி. அலாரம் செட் பண்ணலாம். ஜாதகம் பொருந்தியும் இரண்டு வீட்டுக்கும் செட் ஆகாமல் போகலாம். என் தொழிலில் 'செட்' என்றால் ஒரே உறுப்பு இரண்டு தடவை இருக்கக் கூடாது. பரோட்டா செட்டில் இரண்டும் ஒன்றேதான்.

யாரும் குழம்பவில்லை. காரணம், அர்த்தத்தைப் பக்கத்தில் நிற்கும் சொல் சொல்லிவிடுகிறது. பம்ப் செட், மைக் செட், டீ செட் மூன்றும் மூன்று அர்த்தமா, 'சேர்ந்து இயங்குபவை, சேர்ந்து இருப்பவை' என்கிற ஒரே அர்த்தமா? எப்படி வேண்டுமானாலும் எண்ணலாம். ஆகவே 430 என்பதில் சொல்லின் வளம் பாதி, அகராதிக்காரர் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தார் என்பது பாதி. தமிழ் வேறு ஒரு வேலையும் செய்கிறது. ஆங்கில வினையை நாம் அப்படியே எடுப்பதில்லை. 'பண்ணு', 'ஆகு' என்று ஒன்றை ஒட்டித்தான் எடுக்கிறோம். 'செட் பண்ணினான்' என்றால் ஒருவர் செய்தது. 'செட் ஆயிருச்சு' என்றால் தானாக அமைந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'செட்'தான். நிகழ்காலம், இறந்தகாலம்கூட அதேதான்.

இன்னொரு விஷயம், 'செட்' என்பது ஒரே சொல் இல்லை. வினையான 'செட்' பழைய ஆங்கிலத்திலிருந்து வருவது. 'சிட்' என்பதன் பிறவினை, 'உட்கார வைத்தல்'. நம்முடைய 'இரு – இருத்து' மாதிரி. கூட்டம் என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல்லோ பழைய பிரெஞ்சு வழியாக, 'பின்பற்றுவோர்' என்ற பொருள் கொண்ட லத்தீன் 'செக்டா'விலிருந்து வந்தது. அப்புறம் இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டன. 'செட் ஆகல' முதல் குடும்பம், 'எங்க செட்டு' இரண்டாவது குடும்பம். ஒரே பெயர் கொண்ட இரண்டு ஆட்டக்காரர்கள் மாதிரி.

அப்படியானால் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே விட்டுவிடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு என் அப்பத்தாவைத்தான் கூப்பிட வேண்டும்.

"செட்டா குடும்பம் நடத்தணும்" என்று அப்பத்தா சொல்லும். ஆங்கிலத்துக்கு முன்பே தமிழில் 'செட்டு' இருந்தது. வணிகம், சிக்கனம் என்று அகராதிகள் பொருள் சொல்லும். 'கட்டும் செட்டுமாக' வாழ்வது அதுதான். பத்தாவது படிக்கும் என் மகளிடம் அப்பத்தாவின் வாக்கியத்துக்கு அர்த்தம் கேட்டேன். "எல்லார்கூடவும் செட் ஆகி இருக்கணும்னு சொல்றாங்களாப்பா?" என்றாள்.

அவள் மேல் தப்பில்லை. வாக்கியம் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வேறொன்றாகப் புரிந்தது. புரியாத சொல்லாக இருந்தால் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள். நம் கலைச்சொல் பட்டியல்களின் மேல் என் விமரிசனம் இங்கேதான். என் அட்டவணையும் அதில் அடக்கம். எல்லாம் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருகிற திசையிலேயே ஓடுகின்றன. வாசலில் வருகிற சொல்லைத் தடுத்து, பெயர் மாற்றி உள்ளே விடுகிறோம். உள்ளே இருந்த ஒரு சொல் பின்வாசல் வழியாகப் போவதை எண்ண அந்தப் பட்டியலில் கட்டமே கிடையாது. விருந்தாளியின் 430 அர்த்தத்தை மனப்பாடம் செய்கிறோம், வீட்டுச் சொல்லின் ஒரு அர்த்தத்தை விட்டுவிடுகிறோம்.

அட்டவணையில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்தேன்: 'எங்கே, யாருக்கு'. கணக்குப் பாடத்தில் செட் 'கணம்'தான். நல்ல சொல், பள்ளிப் புத்தகத்திலேயே வேரூன்றிவிட்டது. ஆவணங்களுக்குத் 'தொகுதி' இருக்கட்டும். கிணற்று மேட்டில் பம்ப்செட் பம்ப்செட்டாகவே திரும்பி வந்தது.

அடுத்த தடவை போனபோது சித்தப்பாவிடம் மறுபடியும் போனை நீட்டினேன். பம்ப்செட் என்ற இடத்தைத் தானாகவே தொட்டுத் திறந்தார். கொஞ்ச நேரம் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இது நெட்டு நெறைய இழுக்குமாப்பா? செட்டாத்தான் செலவழிக்கணும், பாத்துக்கோ."

பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தேன். அவள் சிரித்தாள்.