தாடை மூட்டு வலி: ஒரு வழிகாட்டுதலின் நிறையும் குறையும்

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். அங்கே அசைவதுதான் தாடை மூட்டு. அதுவும் அதை இயக்கும் தசைகளும் 3 மாதங்களுக்கு மேல் வலித்தால் என்ன செய்வது? 2023 டிசம்பரில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதற்கு ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. அதற்கு அடிப்படையான ஆய்வு, 8,713 நோயாளிகள் பங்கேற்ற 153 சோதனைகளைத் தொகுத்து, 59 வகைச் சிகிச்சைகளை ஒப்பிட்டது.

முடிவு பலருக்கு வியப்பளிக்கும். தாடைப் பயிற்சி, வலிக்கும் தசையைக் கையால் அழுத்தி விடுதல், வலியைப் பற்றிய அச்சத்தையும் பழக்கத்தையும் மாற்றும் மனநலச் சிகிச்சை, வீட்டுப் பயிற்சியும் விளக்கமும் ஆகியவையே உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. மூட்டுத் தட்டை அகற்றும் அறுவையும், பற்களின் கடிப்பை மீளாதபடி மாற்றும் தகடுகளும் கூடாது என்கிறது.

இந்த எச்சரிக்கைக்கு வரலாறு சான்று. 1980-களில் அமெரிக்காவில் டெஃப்லான் கலந்த செயற்கை மூட்டுத் தட்டுகள் பலருக்குப் பொருத்தப்பட்டன. அவை தேய்ந்து உதிர்ந்து, அருகிலிருந்த எலும்பையே அரித்தன. 1990-91-இல் அவை திரும்பப் பெறப்பட்டன. மீளக்கூடிய சிகிச்சையை முதலில் செய் என்பதே இதன் பாடம். வழிகாட்டுதலின் நிறை இதுதான்.

குறைகளும் உண்டு. கழற்றி மாட்டும் தகடு வேண்டாம் என்பது அரைமனதான பரிந்துரையே. அத்தகட்டால் நலம் பெற்றவர் அதை வீசி எறியத் தேவையில்லை. இவ்வேறுபாடு அவசர வாசிப்பில் மறைந்துவிடும்.

மற்றொன்று, ‘மேற்பார்வையில் பயிற்சி’ என்னும் சொல். பல்லாவரத்துத் தொழிலாளி ஒருவர் மின்ரயிலேறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால், எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒருமுறை போகலாம், வாரந்தோறும் போனால் அன்றன்றைய கூலி போகும். ஆகவே, அதே பட்டியலிலுள்ள வீட்டுப் பயிற்சிதான் அவருக்குக் கைகொடுக்கும். மெல்லிய உணவு, வெந்நீர் ஒற்றடம், உதடு சேர்ந்திருக்கும்போதும் பற்கள் விலகியிருக்கும் பழக்கம், மெதுவாக வாய் திறக்கும் பயிற்சி ஆகியவற்றுக்குச் செலவு இல்லை. ஆனால் முதல் வருகையிலேயே செய்து காட்டி, தமிழில் எழுதியும் தர வேண்டும். அதற்கு மருத்துவர் கால்மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

வலியில்லாத வெறும் ‘டக்’ ஒலிக்குப் பெரும்பாலும் சிகிச்சையே வேண்டாம். வாய் பூட்டிக்கொண்டாலோ, வீக்கமோ காய்ச்சலோ கண்டாலோ, அடிபட்டிருந்தாலோ காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.