கொலம்போ தொடரில் தொடர்ச்சிப் பிழைகள்

கொலம்போ, பீட்டர் பால்க் நடித்த அமெரிக்கத் துப்பறியும் தொலைக்காட்சித் தொடராகும். இதில் கொலையாளி யாரென்பது பெரும்பாலும் தொடக்கத்திலேயே காட்டப்படும். அவர் விட்ட சிறு பிழையைக் கொலம்போ கண்டுபிடிப்பதே கதை. இப்படிப் பழகிய பார்வையாளர்கள் தொடரின் பிழைகளையும் கவனித்தனர்.

கொலம்போ தன் முதற்பெயரைச் சொல்வதில்லை. ஆயினும் 1971இல் ஒளிபரப்பான 'டெட் வெயிட்' பகுதியில், அவரது அடையாள அட்டையில் 'பிராங்க்' என்ற பெயர் காணப்படுகிறது.

திரையில் தோன்றாத அவரது மனைவியை நாயகியாக்கி 1979இல் 'மிசஸ் கொலம்போ' என்ற தனித்தொடர் வெளிவந்தது. பின்னர் அந்நாயகி மணமுறிவு பெற்றவராக்கப்பட்டு, கேட் கலகன் எனப் பெயர் மாற்றப்பட்டார். மூலத் தொடரிலோ கொலம்போ தன் மனைவியைப் பற்றி வழக்கம்போலவே பேசிவந்தார்.

அட்டையில் தெரிந்த பெயர் கதையைக் குலைக்கவில்லை. பேச்சில் மட்டுமே வாழ்ந்த பாத்திரத்துக்கு முகம் கொடுத்ததே பெரிய பிழையாயிற்று.