ஆளில்லாத மகால்: டிரைப் எடுத்த மதுரை

மதுரை திருமலை நாயக்கர் மகாலைப் பற்றி நம் எல்லோர் மனதிலும் ஒரு கதை இருக்கிறது. 1636-இல் கட்டினார்கள், பிறகு பாழாய்ப் போனது, கடைசியில் வெள்ளைக்கார கவர்னர் நேப்பியர் வந்து காப்பாற்றினார். இந்தக் கதைக்கு நடுவில் ஒரு கேமரா நிற்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

லின்னேயஸ் டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் கேப்டன். மாகாண அரசு அவரைப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில், வடக்கே கிளர்ச்சி இன்னும் அடங்காத நேரத்தில், ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று கிளம்பிவிட்டார். மதுரைப் படங்கள் 1858-இல் தொகுப்பாக வந்தன. 2014, 2015-இல் அவர் படங்களை வாஷிங்டன், நியூயார்க், லண்டன் மூன்று ஊர்களிலும் பெரிய கண்காட்சியாக வைத்தார்கள். மதுரை அந்தப் பட்டியலில் இல்லை. போகட்டும், அருங்காட்சியகங்கள் படங்களை நல்ல தரத்தில் இணையத்தில் போட்டிருக்கின்றன. அபிராமத்திலிருந்து பார்த்திபனூர், மானாமதுரை வழியாக பஸ் பிடித்து, மகாலுக்குள்ளேயே கைபேசியில் வைத்துப் பார்த்தேன். என் கண்காட்சி அவ்வளவுதான்.

முற்றத்தின் மேற்குப் பக்கத்தை எடுத்த படம்தான் என்னை நிறுத்தியது. அதே தூண்கள், அதே வளைவுகள். ஆனால் சுதை உதிர்ந்து, செடி முளைத்து, தூக்கிப் போட்ட வீடு மாதிரி. நிமிர்ந்து பார்த்தால் பூசி, வண்ணம் தீட்டி, பளபளவென்று நிற்கிறது. 'கண்ணாளனே' பாட்டில் மனீஷா கொய்ராலா நின்ற இடம் என்று பக்கத்தில் ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நேப்பியர் 1866 முதல் 1872 வரை கவர்னர். பழுதுபார்ப்பு அவர் காலத்து வேலை. அதற்கு முந்தைய சாட்சி இந்தப் படம். இங்கே எது நாயக்கர் காலத்துச் சுதை, எது பிற்காலப் பூச்சு என்று கேட்க நினைப்பவருக்கு முதலில் தேவைப்படுவது இதுதான். அந்த வகையில் டிரைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் சாட்சி முழு உண்மையும் சொல்லவில்லை. அவர் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். படம் விழ நிமிடக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் குறுக்கே நடந்தவன், கூட்டினவள், மாடு, நாய் எதுவும் தாளில் தங்காது. கல் தங்கும். வெறும் கல்லைப் பார்த்ததும் "ஐயோ, கைவிடப்பட்ட ஊர்" என்று தோன்றிவிடுகிறது. இன்று நாம் விளக்குத்தூண் என்கிற இடத்தையும் எடுத்திருக்கிறார். அங்கேயும் நெரிசல் இல்லை. விளக்குத்தூணில் நெரிசல் இல்லையென்றால் மதுரைக்காரன் நம்புவானா? இன்னொன்று, நெகட்டிவின் மேல் நிறம் பூசி மேகத்தையும் இலைதழையையும் அவரே திருத்தியிருக்கிறார். அழகுக்காகச் செய்ததுதான், ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் அரசாங்க ஆவணம் என்று பெயர் போட்டுக்கொண்டு வரும் படத்தை அப்படியே நம்பவும் மாட்டேன்.

எங்கள் பக்கத்து ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தை இதோடு வைத்துப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டிய சுவரோவியங்கள். கேமரா வராத காலம். சுவர் முழுக்க ஆட்கள்! சேதுபதி இருக்கிறார், ஐரோப்பியர்கள் அவர் முன்னால் வந்து நிற்கிறார்கள், போர் நடக்கிறது. யார் என்ன என்று தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதுவும் அரசர் சொல்லச் சொன்ன கதைதான், துல்லியத்தில் டிரைப்பின் பக்கத்தில் நிற்காது. ஆனால் அந்த அரண்மனை என்றைக்கும் காலியாக இருந்ததில்லை என்பது சுவரைப் பார்த்தாலே தெரியும்.

டிரைப்பின் வேலை 1860-இல் முடிந்துவிட்டது. செலவு கூடுதல் என்று கவர்னர் ட்ரெவெல்யன் அந்தப் பிரிவையே நிறுத்திவிட்டார்.

மேற்குப் பக்கத்துப் படத்தை மட்டுமாவது பெரிதாக அச்சிட்டு, அதே தூண்களுக்கு எதிரே வைக்க வேண்டும். கீழே ஒரு வரி போதும்: படம் விழ இத்தனை நிமிடம் ஆனது, நடமாடியவர்கள் இதில் இல்லை.